டேப் பிடிக்காம பிளான் போடாதீங்க

சைட் பிளான் தானே, பத்திரத்தைப் பார்த்து ஆட்டோகேட்ல அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்னு நினைத்தேன். மாமாவின் மனை 30க்கு 40 அடி. மூலைக்கு மூலை 50 வரணும். டேப் பிடித்தால் ஒன்று 51, இன்னொன்று 49. மனையே கோணல்! பக்கவாட்டில் நான் விட்ட 3 அடி, வீட்டின் பின்மூலையில் 2 அடிகூட இல்லை.

2024 முதல் 2,500 சதுர அடி வரையான மனையில், 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட சுயசான்றிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் அளவு தப்பினால் கையெழுத்துப் போட்ட வீட்டுக்காரர்தானே மாட்டுவார்?

நம்ம டிராயிங் வகுப்பில் மனை அளவைக் கேள்வித்தாளே கொடுத்துவிடுகிறது. ஒரு செமஸ்டராவது நிஜ மனையை அளந்து வந்து வரையச் சொல்லுங்க சார்.