நாண வேண்டியவர் யார்?

ஒருவரின் முகத்தை வேறோர் உடலோடு பொருத்திப் பொய்ப்படம் உருவாக்க முன்பு தேர்ந்த கைத்திறன் தேவைப்பட்டது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலி அதனைச் சில நொடிகளில் செய்துவிடுகிறது. பொய் எளிதாகிவிட்டது, அதனால் விளையும் துயரோ குறையவில்லை.

2016 ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் இளம்பெண் ஒருவரின் படம் இவ்வாறு திரிக்கப்பட்டு முகநூலில் வெளியிடப்பட்டது. காவல்துறையிடம் புகார் அளிக்கப்பட்டது, நடவடிக்கை விரையவில்லை. சில நாள்களில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பின்னரே குற்றவாளி கைதுசெய்யப்பட்டார். பெற்றோரும் தம்மை நம்பவில்லையே என்னும் வேதனை அவரது இறுதிக் கடிதத்தில் வெளிப்பட்டது. அவரை வீழ்த்தியது பொய்ப்படம் மட்டுமன்று. அதனை மெய்யென நம்பிய உலகமும்தான்.

சட்டம் வாளாவிருக்கவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். திரிக்கப்பட்ட படம் குறித்துப் பாதிக்கப்பட்டவர் புகார் அளித்தால், சமூக ஊடக நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள் அதனை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என 2021 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வகுத்தன. பெண் வழக்கறிஞர் ஒருவரின் அந்தரங்கக் காணொலி பரவிய வழக்கில், 48 மணி நேரத்துக்குள் அதனை அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு 2025 இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. எனினும், நீக்கப்பட்ட காணொலி வேறு தளங்களில் மீண்டும் தலைகாட்டியது.

சட்டத்தின் எல்லை இங்கே புலப்படுகிறது. படத்தைச் சட்டம் நீக்கலாம். ஊர்வாயை அதனால் மூட இயலாது. ஒருவரையொருவர் அறிந்த பெண்ணாடம் போன்ற பேரூர்களில் பழிச்சொல் படத்தினும் விரைந்து வீடுதோறும் சென்றுவிடும்.

“பெண்கள் தம் படத்தை வெளியிடாதிருந்தால் போதாதா?” எனக் கேட்போர் உளர். பள்ளி ஆண்டு விழாவிலும் உறவினர் திருமணத்திலும் எடுத்த படமே பொய்ப்படத்துக்குப் போதும். முகத்தை மறைத்து வாழச் சொல்வது, களவு நிகழாதிருக்க வீட்டையே துறக்கச் சொல்வது போன்றது. அது குற்றவாளியை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவரின் கருத்துரிமையையும் பொதுவெளியையும் பறிப்பதாகும்.

ஆகவே, பாதிக்கப்பட்டவரிடம் முதலில் கூற வேண்டிய சொல், “நாங்கள் உன்னை நம்புகிறோம்” என்பதே. அடுத்து, படம் வெளியான முகவரியையும் நாளையும் சான்றாகப் பதிந்துவைத்து, தேசிய இணையவழிக் குற்றப் புகார்த் தளத்தில் முறையிடுதல் வேண்டும். பெண்கள் 181, குழந்தைகள் 1098 ஆகிய எண்களில் உதவி பெறலாம். தம் கைப்பேசிக்கு வந்த இழிபடத்தைப் பிறருக்கு அனுப்பாதிருப்பது ஒவ்வொருவரின் கடமை. அனுப்புபவரும் குற்றத்தில் பங்காளியே.

நாண வேண்டியவர் படத்தில் இருப்பவர் அல்லர். அதனைப் படைத்தவரும் பரப்பியவருமே.