விளம்பரத்தில் மட்டும் வாழும் கடைகள்

வைட்ஃபீல்டில் உள்ள நம் கிளைக்கு ஒரு நாள் முற்பகலில் முதியவர் ஒருவர் வந்தார். உறையிலிருந்து நாளிதழ்த் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் கவனமாக விரித்தார். அது பழுப்பேறி, மடிப்பில் கிழிந்திருந்தது. அவருடைய தந்தையும் தந்தையின் நண்பரும் கண்டோன்மென்ட் பகுதியில் கூட்டாக நடத்திய இசைத்தட்டு, வானொலிக் கடையின் பெயரில் நம் வங்கியில் ஒரு நடப்புக் கணக்கு இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதில் வரவுமில்லை, பற்றுமில்லை. கடை இருந்த இடத்தில் இன்று துணிக்கடை இருக்கிறது. கூட்டாளிகள் இருவரும் காலமாகிவிட்டனர். கூட்டு ஒப்பந்தப் பத்திரம் வீட்டில் அகப்படவில்லை. நண்பர் கூட்டிலிருந்து விலகினார் என்பதற்கும், அதன்பின் தந்தையே கடையை நடத்தினார் என்பதற்கும் அவரிடம் இருந்த ஒரே சான்று, அந்தத் துண்டில் இருந்த ஆறு வரி அறிவிப்பு.

அந்தக் கோரிக்கையைத் தீர்த்து வைக்க வேறு பல சான்றுகளும் சில மாதங்களும் தேவைப்பட்டன. எனினும், அறிவிப்பில் இருந்த விவரங்களை வைத்தே கூட்டு நிறுவனப் பதிவாளர் அலுவலகத்தில் உரிய பதிவைத் தேடிப் பெற முடிந்தது. நகரம் மறந்துவிட்ட ஒரு கடை, ஒரு நாளிதழ்த் துண்டின் வழியாக மீண்டும் நம் பேரேட்டுக்குள் வந்தது. பழைய நாளிதழ்களைக் காப்பது ஆர்வலர்கள் சிலரின் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்த நாம் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டோம். வணிகம் செய்யும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது.

யாரை நினைவு வைத்திருக்கிறோம்?

வைட்ஃபீல்டையே எடுத்துக்கொள்வோம். இன்று கண்ணாடிக் கோபுரங்களின் ஊராகத் தெரியும் இது, 1882-இல் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கான வேளாண் குடியிருப்பாகத் தோன்றியது. மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் நிலம் அளித்தார். முயற்சியை முன்னின்று நடத்திய டேவிட் எம்மானுவேல் ஸ்டார்க்கன்பர்க் வைட் என்பவரின் பெயர் ஊருக்கு வந்தது. ஊரின் நடுவே வட்டமாக அமைந்த 'இன்னர் சர்க்கிள்' பகுதி அந்தத் தொடக்கத்தை இன்றும் நினைவூட்டுகிறது.

பழைய வைட்ஃபீல்டைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது 'வேவர்லி' விடுதியின் கதையைத்தான். பெங்களூரில் படைப்பணியில் இருந்த இளம் வின்ஸ்டன் சர்ச்சில் அங்கு வந்து போனார் என்றும், விடுதிக்காரரின் மகள்மீது அவருக்கு நாட்டம் இருந்தது என்றும் அந்தச் செவிவழிக் கதை விரியும்.

சர்ச்சில் பெங்களூரில் விட்டுச்சென்ற எழுத்துச் சான்று ஒன்று வேறிடத்தில் இருக்கிறது. இன்று பெங்களூர் கிளப் என வழங்கும் மன்றத்தின் 1899 ஜூன் 1-ஆம் தேதிக் குறிப்பில், வசூலிக்க இயலாத பாக்கி வைத்தவர்களின் பட்டியல் உள்ளது. அதில் லெப்டினன்ட் சர்ச்சிலின் பெயருக்கு எதிரே 13 ரூபாய் என்று எழுதப்பட்டிருக்கிறது. நம் தொழிலின் மொழியில் சொன்னால் வாராக்கடன்! அந்த ஏட்டை மன்றம் இன்றும் பெருமையோடு பாதுகாத்து வருகிறது.

பிற்காலத்தில் பிரதமரானவரின் 13 ரூபாய்க் கடன் நினைவில் நிற்கிறது. அதே நாள்களில் வைட்ஃபீல்ட் வீடுகளுக்கு ரொட்டி சுட்டவர் யார், ரயிலடியிலிருந்து வண்டி ஓட்டியவர் யார், பண்டிகை நாளில் வாத்தியம் வாசித்தவர்கள் யார் என்று கேட்டால் பதில் இல்லை. கடனைத் தவறாமல் கட்டிய சிறு வணிகரை வரலாறு எளிதில் மறந்துவிடுகிறது. அவரைத் தேட நமக்குள்ள சிறந்த இடம் பழைய நாளிதழ்.

முதல் பக்கத்தில் கடைவீதி

இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கலாம்: 'தி இந்து' நாளிதழின் முதல் பக்கம் 1958 வரை விளம்பரங்களுக்கே உரியதாக இருந்தது. லண்டனின் 'தி டைம்ஸ்' 1966 வரை இதே வழக்கத்தைக் கைக்கொண்டது. செய்தியை அறிய விரும்பியவர் கடைவீதியைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். வைட்ஃபீல்ட் பிறந்த அதே 1882-இல் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரன் போன்ற இதழ்களின் விளம்பரப் பத்திகளும், அந்நாளில் தமிழர் எதை வாங்கினர், எதை விற்றனர் என்பதைச் சொல்லும்.

வணிகவியல் படித்தவர்க்கு இந்தப் பத்திகள் ஒருவகைக் கணக்கேடு. ஒரே கடையின் விளம்பரம் ஆண்டுக்கணக்கில் இடம் மாறாமல் வந்தால் வியாபாரம் நிலைத்திருந்தது என்று கொள்ளலாம். அரைப் பத்தி கால் பத்தியாகச் சுருங்கினால் நெருக்கடி இருந்திருக்கக்கூடும். 'புதிய முகவரிக்கு மாறியுள்ளோம்' என்றால் வளர்ச்சியாகவும் இருக்கலாம், வாடகைச் சிக்கலாகவும் இருக்கலாம். 'கையிருப்பு முழுவதும் தள்ளுபடி விலையில்' என்ற அறிவிப்பைத் தொடர்ந்து ஏல அறிவிப்பு வந்தால், முடிவு நமக்குத் தெரிந்துவிடும். கடன் கேட்டு வருபவரின் நிதிநிலை அறிக்கையை நாம் படிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இன்று வைட்ஃபீல்ட் காடுகோடி நிலையத்தில் மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் ஏறினால் எம்.ஜி. சாலையில் நேராக இறங்கலாம். இறங்கும் இடத்தில்தான் இவ்வகைத் தேடலின் பயன் விளங்கும். அச்சாலைக்கு 1948 வரை சவுத் பரேடு என்று பெயர். பழைய விளம்பரத்தில் 'சவுத் பரேடு' என்ற முகவரியைக் காண்பவர் இந்தப் பெயர் மாற்றத்தை அறியாவிட்டால் அக்கடையைக் கண்டுபிடிக்கவே இயலாது. 1936-இல் அங்கே எழுந்த பிளாசா திரையரங்கு பல தலைமுறைகளுக்கு ஆங்கிலப் படம் காட்டிவிட்டு, மெட்ரோப் பணிக்காக இடம் கொடுத்து மறைந்தது. அதே சாலையில் 1948-இல் டெக்கான் ஹெரால்டு நாளிதழ் தொடங்கப்பட்ட இடத்தில் அதற்கு முன்பு 'ஃபனல்ஸ்' என்ற உணவகம் இருந்தது. ஓர் உணவகம் மறைந்த இடத்தில் ஒரு நாளிதழ் பிறந்தது. அந்த நாளிதழின் பழைய பக்கங்களில் இன்று நாம் மற்ற உணவகங்களைத் தேடுகிறோம்.

சற்றுத் தள்ளிச் சிவாஜிநகரில் எல்ஜின் டாக்கீஸ் இருந்தது. அன்றைய வைஸ்ராய் எல்ஜின் பிரபுவின் பெயரைத் தாங்கிய அந்த அரங்கில் ஊமைப்படமும் ஓடியது, பேசும்படமும் ஓடியது. கண்டோன்மென்ட் தமிழர்களுக்கு அது திரையரங்கு மட்டுமன்று; சந்திக்குமிடமும் அடையாளமும் அதுவே. பிரிகேட் சாலையும் ரெசிடென்சி சாலையும் கூடும் முனையில் உள்ள ஆப்ரா ஹவுஸ் நாடகமும் சினிமாவும் கண்டு, பின்னர் பாழடைந்து, 2018-இல் கைப்பேசி நிறுவனம் ஒன்றின் காட்சிக்கூடமாகப் புத்துயிர் பெற்றது. சென்னையில் 1913-இல் வார்விக் மேஜர் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர் இன்றும் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துக்குள் நிற்கிறது. நின்றவற்றுக்கும் வீழ்ந்தவற்றுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கட்டடத்தின் வலிமையைச் சார்ந்ததன்று. பயன் ஒன்று கிடைத்ததும், 'இது இன்ன இடம்' என்று சொல்ல ஆள் இருந்ததும் நின்றவற்றைக் காத்தன.

மனிதர்களுக்கும் இது பொருந்தும். ஆற்காடு நாராயணசாமி முதலியார் பெங்களூரில் வணிகராகவும் கட்டட ஒப்பந்தக்காரராகவும் உயர்ந்தவர். 1868-இல் நிறைவுற்று, இன்று கர்நாடக உயர் நீதிமன்றமாக விளங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவரே. அவருடைய வணிகத்தைப் பற்றி இன்று பேசுவார் அரிது. 1873-இல் அவர் தொடங்கிய பள்ளியோ ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிறுவனங்களாக வளர்ந்து அவர் பெயரைக் காத்து நிற்கிறது. பள்ளி நிறுவும் வாய்ப்பு எல்லா வணிகருக்கும் அமைவதில்லை. மற்றவர்களுக்கு மிஞ்சுவது விளம்பரம்தான்.

சட்டமும் நாளிதழை நம்புகிறது

இது பழம்பெருமை பற்றிய பேச்சாக மட்டும் முடிந்துவிடக் கூடாது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932-இன் 72-ஆம் பிரிவு ஒன்றைத் தெளிவாக வகுத்துள்ளது. பதிவுபெற்ற கூட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் ஓய்வுபெற்றாலோ நிறுவனம் கலைக்கப்பட்டாலோ தரப்படும் பொது அறிவிப்பு, பதிவாளருக்குத் தெரிவிக்கப்படுவதோடு அரசிதழிலும், அம்மாவட்டத்தில் வழங்கும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலேனும் வெளியாக வேண்டும். ஒரு கடையின் மரணக் குறிப்பை எழுதி வைக்கும் பொறுப்பைச் சட்டமே நாளிதழிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்த நாளிதழின் பழைய இதழ்கள் செல்லரித்துப் போனால், அழிவது செய்தி மட்டுமன்று, உரிமைக்கான சான்றும்தான்.

இதை வங்கியில் நாம் நேரில் காண்கிறோம். பத்து ஆண்டுகளுக்கு மேல் இயக்கமற்றுக் கிடக்கும் கணக்குகளின் தொகை, ரிசர்வ் வங்கி 2014-இல் உருவாக்கிய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குச் செல்கிறது. உரியவரோ வாரிசோ பின்னர் எப்போது வந்தாலும் தம் வங்கியின் வழியாக அதைக் கோரலாம், உரிமை போய்விடுவதில்லை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய 'உத்கம்' இணையதளத்தில் தனிநபர் பெயரில் மட்டுமன்றி நிறுவனப் பெயரிலும் தேடலாம். ஆனால் தேடுவதற்கு முதலில் கடையின் சரியான பெயர் தெரிய வேண்டும். 'அப்பாவின் கடை' என்று வீட்டில் சொல்லி வந்த கடைக்கு வங்கிப் பேரேட்டில் என்ன பெயர்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் பல வீடுகளில் இன்று ஆள் இல்லை. பழைய விளம்பரம் சொல்லும்.

நாளிதழை அளவுக்கு மீறி நம்புவதும் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். விளம்பரம் என்பது கடைக்காரர் தம்மைத் தாமே புகழ்ந்து கொள்வது. அது கணக்குத் தணிக்கை அன்று. விளம்பரம் கொடுக்கப் பணமில்லாத தள்ளுவண்டிக்காரரும், வீட்டில் அப்பளமிட்டு விற்ற பெண்ணும் அப்பக்கங்களில் இடம்பெறவில்லை. ஆயினும் முழுமையற்ற சான்று என்பதற்காகக் கிடைத்த சான்றை எரித்துவிட மாட்டோம்.

செய்ய வேண்டியவை

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் தன் நாட்டுப் பழைய நாளிதழ்களை மின்வடிவாக்கி, எவரும் கட்டணமின்றித் தேடும்படி இணையத்தில் வைத்துள்ளது. 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. சிங்கப்பூரில் கடை நடத்திய தம் தாத்தாவைத் தஞ்சாவூரில் இருந்துகொண்டே ஒருவர் தேடலாம். பெங்களூரில் கடை நடத்திய தாத்தாவைத் தேட அத்தகைய வசதி இல்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுச் செல்வத்துக்குச் செய்துவரும் பணி பாராட்டுக்குரியது. அதுபோன்ற முயற்சி ஒவ்வொரு நகரத்துக்கும் வேண்டும். அரசு நூலகங்களும் நாளிதழ் நிறுவனங்களும் வணிகர் சங்கங்களும் செலவைப் பகிர்ந்தால் அது இயலாத செயலன்று. வங்கிகளும் ஒதுங்கி நிற்கலாகாது. சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு சிறு பங்கை, தாம் கிளை வைத்திருக்கும் நகரத்தின் பழைய நாளிதழ்களை மின்வடிவாக்கத் தருவது பொருத்தமான அறம் என்பது நம் கருத்து.

வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பரணில் உள்ள பழைய தாள்களைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். குடும்பக் கடையின் விளம்பரம், ரசீதுப் புத்தகம், கூட்டு ஒப்பந்தம், இடமாற்ற அறிவிப்பு எது கிடைத்தாலும் படமெடுத்து வையுங்கள். கடையின் முழுப்பெயர், கூட்டாளிகளின் பெயர்கள், பழைய முகவரி, கணக்கு இருந்த கிளை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

இன்று கடை நடத்துபவர்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. வைட்ஃபீல்டில் நேற்றுத் திறந்த உணவகம் அடுத்த ஆண்டு இருப்பதில்லை. அதன் விளம்பரம் கைப்பேசித் திரையில் தோன்றி ஒரே நாளில் மறைந்துவிடுகிறது. சவுத் பரேடு கடைகளுக்கு நாளிதழாவது இருந்தது. நம் காலத்துக் கடைகளுக்கு அதுவும் இராது.

அந்த முதியவருக்குக் கிடைத்த தொகை பெரிதன்று. பணத்தைப் பெற்றபின் நாளிதழ்த் துண்டைத் திருப்பிக் கேட்டார். நகலைக் கோப்பில் வைத்துக்கொண்டு அசலைக் கொடுத்தோம். அதன் ஓரத்தில் பென்சிலால் நாளிதழின் பெயரும் தேதியும் எழுதப்பட்டிருந்தன. அவை இல்லாமற்போயிருந்தால் அந்த ஆறு வரிகளை வைத்து எந்த அலுவலகத்திலும் எதையும் தேடியிருக்க முடியாது. எழுதியது யார் என்று கேட்டோம். "அப்பா" என்றார்.