ஒரே மாவட்டம்தான்... ஆனா ரெயிலில் போனா சென்னையை சுத்தணும்! கும்மிடிப்பூண்டிக்கு எப்போது விடியும்?

கும்மிடிப்பூண்டியில் இருக்கிற ஒருவர் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க ரெயிலில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வடக்கு பாதையில் சென்னைக்கு வர வேண்டும். பிறகு அரக்கோணம் பாதையில் ரெயில் மாற வேண்டும். இரண்டும் சேர்ந்து சுமார் 90 கிலோ மீட்டர். மாவட்டம் உருவானது 1997-ல். ஆனால் இரண்டு ஊர்களையும் நேராக இணைக்க இன்றுவரை தண்டவாளம் இல்லை.

கவரைப்பேட்டை, பெரியபாளையம், வெங்கல் வழியாக ரோடு இருக்கிறது. ஆக, பஸ்தான் ஒரே நேர்வழி. பஸ்சை விட்டவர்களுக்கு அன்றைய பொழுதே போச்சு.

எல்லா பாதையும் சென்னைக்கே

சிக்கல் எங்கே? ரெயில் பாதையானாலும் தேசிய நெடுஞ்சாலையானாலும் குடையின் கம்பி மாதிரி எல்லாமே சென்னையை நோக்கியே போகின்றன. ஆனால் வேலையோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய் கண்டிகை சிப்காட்டிலும் இருக்கிறது. கம்பிக்கு கம்பி குறுக்கே போகிறவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கம்பெனி பஸ் இருக்கிறவர்களுக்கு கவலை இல்லை. ஒப்பந்த தொழிலாளிக்கு? இரவு ஷிப்ட் முடிஞ்சு வெளியே வந்தால் ஷேர் ஆட்டோவே கதி.

பெண்களுக்கு இது இரட்டை இழப்பு. சாதாரண கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதம் முதல் அவர்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் ஷிப்ட் நேரத்துக்கு டவுன் பஸ் வந்தால்தானே அந்த சலுகை? வராத பஸ்சில் இலவசம் இருந்து என்ன பயன்?

எல்லை பிரச்சினை

சென்னை பக்கம் மாநகர் போக்குவரத்து கழகம், மாவட்டத்தின் உட்பகுதியில் விழுப்புரம் கோட்டம் என்று பஸ்கள் ஓடுகின்றன. ரெயில் மத்திய அரசிடம். ஒருத்தர் நேரத்துக்கு இன்னொருத்தர் பஸ் விடுவது எப்படி? இதை சரிசெய்யத்தான் கும்டா எனப்படும் போக்குவரத்து குழுமத்துக்கு 2010-லேயே சட்டம் போட்டார்கள். சென்னை பெருநகர எல்லையும் 2022-ல் 1,189 சதுர கி.மீ.யில் இருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிந்தது. கும்மிடிப்பூண்டியும் அதற்குள் வந்துவிட்டது. எல்லை வந்தாச்சு, பஸ் வரணும்.

செய்யக்கூடியது என்ன?

பெரிய செலவு தேவையில்லை. 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் ஒரு தடம் 25 கி.மீ. வரை போகலாம். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி ஸ்டேஷன்களில் இருந்து சிப்காட்டுக்கும் சுற்று கிராமங்களுக்கும் அதுவே போதும். ஒரே நிபந்தனை, ரெயில் வரும் நேரத்தையும் ஷிப்ட் விடும் நேரத்தையும் பார்த்து பஸ் புறப்பட வேண்டும்.

அடுத்தது, எண்ணூரில் இருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் வரை திட்டமிடப்பட்ட சுமார் 133 கி.மீ. வெளிவட்ட சாலை. துறைமுக லாரிகளுக்காக போடப்படும் இந்த ரோட்டில் பஸ் தடத்தையும் பஸ் நிறுத்தங்களையும் இப்போதே திட்டமிட்டால், கும்மிடிப்பூண்டி தொழிலாளி சென்னைக்குள் நுழையாமலே திருவள்ளூர் போகலாம்.

ரோடு முடிந்த பிறகு யோசித்தால் லாரிதான் ஓடும். பஸ்சுக்காக காத்திருக்கும் தொழிலாளிக்கு தூசிதான் மிஞ்சும். அதிகாரிகள் கவனிப்பார்களா?