பள்ளித் தோழமைக்கு வாய்ப்பூட்டா?

சென்ற பத்துப் பன்னிரண்டு வருஷ காலமாகத் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒரு புது வழக்கம் பரவி வருவதை வாசகர்கள் அறிவார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, பரீட்சை முடிந்த மறுநாளே ஆளுக்கொரு திக்காய்ப் பிரிந்து போனவர்கள், நாற்பது ஐம்பது வருஷம் கழித்து, தலை நரைத்து, பல் விழுந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகு, ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துக் கைப்பேசியில் வாட்ஸ்அப் குழு என்பதாக ஒன்றை ஏற்படுத்திக் கொள்ளுகிறார்கள். தெப்பக்குளத்துக் கடைத்தெருவில் சுற்றியதையும், காவிரியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வகுப்புக்கு வந்து அடி வாங்கியதையும் பேசி மகிழுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் முக்கொம்பிலோ, ஓர் ஓட்டல் மண்டபத்திலோ கூடுகிறார்கள். உயிரோடிருக்கும் உபாத்தியாயர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறார்கள். நொடித்துப் போன தோழனுக்குப் பணம் திரட்டிக் கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் நல்ல காரியமே. இதைப் பரிகாசம் செய்ய நாம் வரவில்லை. ஜாதிச் சொந்தமும் இல்லாமல், லாப நஷ்டக் கணக்கும் இல்லாமல் மனிதனோடு மனிதன் சேருகிற உறவு இந்நாட்டில் பள்ளிக்கூடத்து உறவைத் தவிர வேறு அதிகமில்லை. அப்படிப்பட்ட உறவு கெட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்கிற கவலையினாலேயே இதை எழுதுகிறோம்.

நிற்க. இக்கூட்டங்கள் ஏற்பட்ட சில மாதங்களுக்குள்ளாகவே அநேகமாய் எல்லாவற்றிலும் சண்டை வந்துவிடுகிறது. சண்டை வந்தவுடன் ஒரு சட்டமும் வந்துவிடுகிறது. “இங்கு ஜாதி, மதம், அரசியல் பேசக்கூடாது, மீறுபவர்கள் நீக்கப்படுவார்கள்” என்பதே அச்சட்டம். கேட்பதற்கு வெகு நியாயமாய்த்தான் இருக்கிறது. ஆனால் அது யாருடைய வாயைப் பூட்டுகிறது, யாருடைய வாயைத் திறந்து விடுகிறது என்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

விடியற்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சாமி படங்கள் வந்து விழுகின்றன. அதன் பிறகு ராசிபலன். அதன் பிறகு, திருநள்ளாற்றுக்கு நேர் மேலே வரும்போது அமெரிக்க விண்கலங்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்து நிற்கின்றன என்று ஒரு செய்தி. சிதம்பரம் நடராசர் கால் பெருவிரல்தான் உலகத்துக் காந்த மண்டலத்தின் நடு மையம் என்று ஒரு செய்தி. நமது தேசிய கீதமே உலகத்தில் சிறந்தது என்று யுனெஸ்கோ தீர்ப்புக் கூறிவிட்டதாக ஒரு செய்தி. இன்னின்ன ஜாதியாரால்தான் நாடு கெட்டது, இன்னின்ன மதத்தாரிடம் காய்கறி வாங்காதே என்று ஒரு செய்தி. இவையெல்லாம் மதம் அல்லவாம், ஜாதி அல்லவாம், அரசியலும் அல்லவாம். இவை “பயனுள்ள தகவல்”களாம்! ஆனால் “அப்பா, இதற்கு ஆதாரம் என்ன?” என்று யாராவது ஒருவன் கேட்டுவிட்டானேயானால், உடனே அதுதான் மதமாம், அதுதான் அரசியலாம், அதுதான் ஒற்றுமையைக் குலைப்பதாம்! ஆகவே சொல்லுகிறவனுக்குச் சட்டம் இல்லை. கேட்கிறவனுக்கு மாத்திரமே சட்டம். இதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்தால், திருடனை விட்டுவிட்டுக் கூச்சல் போட்டவனைக் கட்டி வைப்பதற்கும் சமாதானம் என்றுதான் பெயர் வைக்க வேண்டும்.

நாம் நேரில் அறிந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். பள்ளியின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கு அவசியமில்லை. 1970இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய கூட்டம் அது. பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் ஒருவர், பாலக்கரையில் கடை வைத்திருப்பவர் ஒருவர், உறையூர் ஜவுளி வியாபாரி ஒருவர், ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் தினந்தோறும் பெருமாளைச் சேவிக்காமல் காப்பி குடிக்காத அய்யங்கார் ஒருவர், இன்னும் பலர் அதிலே உண்டு. ஒரு நாள் ஜவுளிக்காரர், ஏதோ ஒரு தழையைக் கஷாயம் வைத்து 48 நாள் குடித்தால் சர்க்கரை வியாதி அடியோடு போய்விடும், இங்கிலீஷ் மருந்தைக் குப்பையில் எறியலாம், இது ரிஷிகள் சொன்னது என்று எங்கிருந்தோ வந்ததை அப்படியே எடுத்துப் போட்டார். முப்பது பேர் கும்பிடு போட்டார்கள். பொன்மலைத் தோழர் மட்டும், “மருந்தை நிறுத்துவதற்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள், இதை எந்த ஆஸ்பத்திரியில் யார் சோதித்துப் பார்த்தார்கள் என்று சொல்லுங்கள்” என்று எழுதினார். அவ்வளவுதான்! “ரிஷிகளைப் பழிக்கிறான்”, “கறுப்புச் சட்டை புத்தியைக் காட்டுகிறான்”, “இந்த வயதிலும் அரசியலா?” என்று ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். அன்று இரவே அவரை நீக்கிவிட்டார்கள். குழுவில் சாந்தி நிலவிற்று.

அந்தச் சாந்தியின் விலை என்ன தெரியுமா? பாலக்கரைக் கடைக்காரர் மாத்திரையை நிறுத்தினார். மூன்றாம் மாதம் காலில் புண் வந்தது. ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் மற்றக் கால் தப்பிற்று. செய்தி வந்ததும், கும்பிடு போட்ட அதே முப்பது பேரும் “விரைவில் குணமடையப் பிரார்த்திக்கிறோம்” என்று மறுபடியும் சாமி படம் போட்டார்கள். அப்போது உத்தர வீதி அய்யங்கார் ஒருவர்தான், “அவன் கேட்டதில் என்னடா தப்பு? அவனைத் திரும்பச் சேர்க்காவிட்டால் நானும் போகிறேன்” என்று எழுதினார். இரண்டு நாள் காத்திருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. அவரும் வெளியேறினார். கடவுளை நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் இங்கு பேதமில்லை என்பதையும், யோக்கியனுக்கும் கோழைக்கும் மாத்திரமே பேதம் என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இனி மேற்படி “தகவல்”களின் யோக்கியதையைப் பார்ப்போம். பூமிக்கு அருகில் சுற்றும் விண்கலம் விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. மூன்று விநாடி நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவதற்கு அங்கே யார் காத்திருக்கிறார்கள்? அது பூமியை நோக்கி விழ வேண்டியதுதானே! சிதம்பரத்துச் சங்கதியோ இதைவிட வேடிக்கை. காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி ஓடுகிற ஒரு வளையம். வளையத்துக்கு நடு மையம் அதன் மேலேயே ஓர் ஊரில் எப்படி இருக்கும்? அந்தக் கோடுகூட ஓரிடத்தில் நிற்காமல் வருஷத்துக்கு வருஷம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அது திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் போவதைக் கணக்கிட்டுத்தான் தும்பா என்ற மீனவர் ஊரைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் ராக்கெட்டை விட்டார்கள். அவ்வூர் மாதா கோயில் கட்டடத்தையே பாதிரிமார்கள் அவ்வேலைக்கு விட்டுக் கொடுத்தார்கள். அங்கே வேலை செய்தவர்களில் ஒருவரான அப்துல் கலாம், இதே திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்து 1954இல் தேறியவர். யுனெஸ்கோவும் தான் அப்படி எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை என்று மறுத்துவிட்டது. இவ்வளவையும் இதே ஊரில் பௌதிகப் புத்தகம் படித்து மார்க்கு வாங்கியவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் வெட்கம்!

“போகட்டும், ஒரு பொய்ச் செய்தியால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்பார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்குப் பக்கத்தில், குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது மூதாட்டி வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கைப்பேசியில் பரவியிருந்த பொய்யை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் இப்படிக் கொலை விழுந்த பிறகுதான், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி அந்தக் கம்பெனியே இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. வியாபாரம் செய்கிற கம்பெனிக்கு இருக்கிற பயம்கூட, கூடப் படித்த தோழனுக்கு இருக்க வேண்டாமா?

“ஐம்பது வருஷம் கழித்துச் சேர்ந்திருக்கிறோம், இன்னும் எத்தனை நாளோ! சண்டை எதற்கு?” என்பது இவர்களுடைய கடைசி வாதம். இதில் மனதை உருக்கும் நியாயம் ஒன்று இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த வாதம் இன்று புதிதாய்ப் பிறந்ததல்ல. திருச்சி வரகனேரியில் பிறந்த வ. வே. சு. அய்யர் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அவர் அஞ்சா நெஞ்சர், குறளை இங்கிலீஷில் பெயர்த்தவர். அவர் தியாகத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஒன்றாய்ப் படித்த பிள்ளைகளில் சிலருக்குத் தனிப் பந்தி இருந்தது. 1924–25இல் அதைக் கேட்டவர்களுக்கு, “சின்ன விஷயத்தைப் பெரிதாக்கித் தேச ஒற்றுமையைக் கெடுக்காதே” என்றுதான் பதில் கிடைத்தது. கேட்டவர்கள் வாயை மூடிக் கொண்டிருந்தால் ஒற்றுமை வளர்ந்திருக்குமா, தனிப் பந்தி வளர்ந்திருக்குமா?

இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவத்தையும் பாருங்கள். இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில், தொப்பி போட்ட கலாமும், பூணூல் போட்ட அர்ச்சகர் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாய் வந்த உபாத்தியாயர் கலாமைக் கடைசி பெஞ்சுக்கு விரட்டினார். அர்ச்சகர் மகன் அழுதான். அவனுடைய தகப்பனார் இலட்சுமண சாஸ்திரி, அவ்வூர்க் கோயில் பெரிய அர்ச்சகர், “வாத்தியாரோடு நமக்கென்ன சண்டை” என்று இருந்துவிடவில்லை. அவரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் மனதில் இந்த விஷத்தை விதைக்காதே என்று முகத்துக்கு நேரே கண்டித்தார். உபாத்தியாயர் வருந்தித் திருந்தினார். இது கலாம் தாமே எழுதி வைத்தது. அந்தச் சிநேகம் பிழைத்தது ஒருவர் வாயைத் திறந்ததனால்தானே தவிர, எல்லாரும் வாயை மூடியதனால் அல்ல.

அன்றியும், அரசியல் பேசக்கூடாது என்கிற கனவான்களைக் கேட்கிறோம்: நீங்கள் ஒன்றாய் உட்கார்ந்த அந்தப் பெஞ்சு எங்கிருந்து வந்தது? 1953இல், பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்று இராஜாஜி சர்க்கார் கொண்டு வந்த திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராய்ப் பேசி, 1954இல் அதைக் கைவிட வைத்தார்கள். 1956இல் மதிய உணவு வந்தது. வகுப்புவாரி உத்தரவைச் சுப்ரீம் கோர்ட்டு 1951இல் தள்ளியபோது, அதே வருஷம் அரசியல் சட்டத்தையே முதல் தடவையாகத் திருத்தினார்கள். இவ்வளவும் அரசியல் பேசியதனால் வந்தவை. பேசாதிருந்தால், குயவன் மகனும், வண்ணான் மகனும், அய்யங்கார் மகனும் ஒரே குழுவில் இன்று “டேய்” என்று கூப்பிட்டுக்கொள்ள இடம் ஏது? பெஞ்சைக் கொடுத்த அரசியலைப் பேசாதே என்பது, ஏணியில் ஏறிவிட்டு அதை எட்டி உதைப்பதே ஆகும்.

நிற்க. நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பகுத்தறிவு என்பது வசவு அல்ல. தாயார் இறந்த துக்கத்தில் திதி கொடுத்த படத்தைப் போட்ட தோழனிடம் போய், அன்றைக்கே சிரார்த்தத்தின் புரட்டைப் பற்றி வாதம் செய்கிற சூரர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அது வீரமல்ல, மனிதத்தன்மையுமல்ல. தன் வீட்டில் தன் துக்கத்துக்குச் செய்வது வேறு. ஊரை நம்பச் சொல்லிப் பொய்யை அனுப்புவது வேறு. முன்னதை விட்டுவிடு, பின்னதை விடாதே. நம் பக்கத்துத் தலைவர்களைப் பற்றி வருகிற புளுகையும் அதே போல ஆதாரம் கேட்டுத் தள்ளு. நமக்குச் சாதகமான பொய் என்று தனியாக ஒன்று கிடையாது.

ஆகவே பழைய மாணவர் கூட்டங்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பேசக்கூடாது என்கிற சட்டத்தை எடுத்தெறியுங்கள். அதற்குப் பதிலாய், எதை அனுப்பினாலும் அனுப்பினவன் அதற்குப் பொறுப்பாளி. ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் தவறு என்று சொல்லி எடுத்துவிட வேண்டும். ஆளை வைதவனைக் கண்டிக்கலாம், கேள்வி கேட்டவனை நீக்கக்கூடாது என்று சட்டம் செய்யுங்கள். விஞ்ஞான மனப்பான்மையும், கேள்வி கேட்டு ஆராயும் குணமும் ஒவ்வொரு குடிமகனுடைய கடமை என்று 1976இலேயே அரசியல் சட்டத்தில் எழுதியாகிவிட்டது. அந்தக் கடமையைச் செய்தவனையா வெளியே தள்ளுவது?

வகுப்பில் கணக்கைத் தப்பாய்ப் போட்டபோது பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்து, “டேய், தப்புடா” என்றானே, அவன்தான் அன்றைக்கு உங்கள் சிநேகிதன். இன்றைக்கும் அவனே சிநேகிதன். அவனை நீக்கியிருந்தால், இன்றே திரும்பக் கூப்பிடுங்கள். பாலக்கரைத் தோழருக்கு இன்னும் எட்டு விரல்கள் மீதி இருக்கின்றன.