மஞ்சள் ஜேர்சியின் நாளைய வாரிசு யார்?

பாரிஸ் நகரில் 2025ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் திகதி நிறைவுபெற்ற டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டப் போட்டியில் ஸ்லோவேனிய நாட்டு வீரரான ததேய் பொகாச்சார் நான்காவது தடவையாகவும் வெற்றிவாகை சூடிக்கொண்டார். டென்மார்க் வீரர் ஜொனாஸ் விங்ககோர் 4 நிமிடம் 24 செக்கன் பின்தங்கி இரண்டாமிடத்தைப் பெற்றார். 2020ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டு வரையான ஆறு போட்டிகளிலும் இவ்விருவரைத் தவிர வேறெவரும் வெற்றிபெறவில்லை. இந்நிலையில், இவர்களுக்குப் பின்னர் யார் என்ற கேள்வி ஐரோப்பிய விளையாட்டு உலகில் வலுவாக எழுந்துள்ளமை வியப்புக்குரியதல்ல.

ஒரு காலத்தில் இக்கேள்வி பத்திரிகையாளர்களினதும் இரசிகர்களினதும் பொழுதுபோக்காக மாத்திரமே இருந்து வந்தது. இன்று நிலைமை அவ்வாறில்லை. பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் நாளைய சம்பியன் என்று கணிக்கப்படும்போது, அக்கணிப்பை நம்பி அணிகள் பெருந்தொகைப் பணத்தை முதலீடு செய்கின்றன. அந்த இளைஞரின் கல்வி, உணவு, உறக்கம் யாவும் அதற்கேற்ப மாற்றியமைக்கப்படுகின்றன. ஆதலால் இத்தகைய கணிப்புகள் எந்தளவுக்கு நம்பத்தகுந்தவை, அவை பொய்க்கும்போது அதற்கான விலையைச் செலுத்துபவர் யார் ஆகிய இரு விடயங்களும் ஆராயப்பட வேண்டியவை என்று நாம் கருதுகின்றோம்.

டூர் டி பிரான்ஸ் 1903ஆம் ஆண்டு பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகையொன்றினால் அதன் விற்பனையைப் பெருக்கும் நோக்குடன் ஆரம்பிக்கப்பட்டதாகும். அப்பத்திரிகை மஞ்சள் நிறத் தாளில் அச்சிடப்பட்டு வந்தது. 1919ஆம் ஆண்டிலிருந்து முன்னணியில் உள்ள வீரருக்கு மஞ்சள் ஜேர்சி அணிவிக்கப்படுகின்றது. மூன்று வார காலத்தில் 21 கட்டங்களாக, சுமார் 3,300 கிலோ மீற்றர் தூரத்தை வீரர்கள் கடக்க வேண்டும். எல்லாக் கட்டங்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தின் கூட்டுத்தொகை எவருக்கு மிகக் குறைவாக உள்ளதோ அவரே வெற்றியாளர். இருபது நாட்கள் சிறப்பாக ஓடிய ஒருவர் ஒரு நாளில் தளர்ந்துவிட்டால் அனைத்தும் பறிபோய்விடும். 2020ஆம் ஆண்டில் ஸ்லோவேனியாவின் பிரிமோஸ் ரொக்லிச் 57 செக்கன் முன்னிலையுடன் இருபதாவது கட்டத்தை ஆரம்பித்து, அன்றைய தினமே தனது நாட்டவரான பொகாச்சாரிடம் மஞ்சள் ஜேர்சியை இழந்தமை இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

எதிர்கால சம்பியன்களை இனங்காண்பதற்கென்றே 1961ஆம் ஆண்டு முதல் மற்றொரு போட்டி நடத்தப்பட்டு வருகின்றது. 'எதிர்காலத்தின் சுற்றுப் போட்டி' என்று பொருள்படும் டூர் டி லவனிர் என்பதே அதன் பெயராகும். இத்தாலியின் பெலிச்சே ஜிமொண்டி 1964ஆம் ஆண்டு இப்போட்டியில் வெற்றிபெற்று, மறு ஆண்டே டூர் டி பிரான்ஸையும் கைப்பற்றினார். நெதர்லாந்தின் யோப் சூட்டமெல்க் 1969ஆம் ஆண்டு வெற்றிபெற்றவர். எனினும் மஞ்சள் ஜேர்சியுடன் பாரிஸை அடைவதற்கு அவர் 1980ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரே வாசலால் நுழைந்த இருவரில் ஒருவருக்கு ஓராண்டு போதுமானதாக இருந்தது. மற்றவருக்குப் பதினொரு ஆண்டுகள் தேவைப்பட்டன.

அண்மைக்காலத் தரவுகள் இதனிலும் தெளிவானவை. 2010ஆம் ஆண்டிலிருந்து 2018ஆம் ஆண்டு வரை இவ்விளையோர் போட்டியில் வெற்றிபெற்ற ஒன்பது பேரில், 2025ஆம் ஆண்டு வரை டூர் டி பிரான்ஸை வென்றவர்கள் இருவர் மாத்திரமே. ஒருவர் கொலம்பியாவின் ஏகன் பேர்னால், மற்றவர் பொகாச்சார். கொலம்பியாவின் நைரோ கின்டானா இத்தாலிய, ஸ்பானியப் பெரும் போட்டிகளை வென்றபோதிலும் பிரான்ஸில் இரு தடவைகள் இரண்டாமிடத்துடன் திருப்தியடைய வேண்டியிருந்தது. ஏனையோர் திறமைசாலிகளே, ஆயினும் அவர்கள் மீது சுமத்தப்பட்ட எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை.

பெரிய போட்டியிலேயே தம்மை நிரூபித்தவர்கள் விடயத்திலும் கணிப்புகள் தவறியுள்ளன. ஜேர்மனியின் யான் உல்ரிச் 1997ஆம் ஆண்டு 23 வயதில் வெற்றிபெற்றபோது, அடுத்த பத்தாண்டுகள் அவருக்கே உரியவை என்று அனேகமாக அனைவரும் எழுதினர். அவர் மீண்டும் ஒரு தடவையேனும் வெற்றிபெறவில்லை. லக்சம்பேர்க்கின் அண்டி ஷ்லெக் 2008, 2009, 2010 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சிறந்த இளம் வீரருக்கான வெள்ளை ஜேர்சியைப் பெற்றவர். ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் அல்பேர்ட்டோ கொண்டடோரின் 2010ஆம் ஆண்டுப் பட்டம் பறிக்கப்பட்டதால், 2012ஆம் ஆண்டில் அப்பட்டம் இவருக்கு வழங்கப்பட்டது. 2014ஆம் ஆண்டில், 29ஆவது வயதிலேயே காயம் காரணமாக அவர் ஓய்வுபெற்றார்.

மறுபுறத்தில், எவராலும் கணிக்கப்படாதவர்கள் பலர் சிகரத்தை எட்டியுள்ளனர். இரு தடவைகள் சம்பியனான விங்ககோர், இளமையில் டென்மார்க்கின் மீன்பிடித் துறைமுகமொன்றில் மீன் பொதியிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 2021ஆம் ஆண்டில் அணித் தலைவர் ரொக்லிச் விபத்துக்குள்ளானதாலேயே அவருக்கு முதன்மை வாய்ப்புக் கிட்டியது. அந்த ரொக்லிச்சோ, பனிச்சறுக்குப் பாய்ச்சல் வீரராகத் திகழ்ந்து, இருபது வயதைக் கடந்த பின்னரே சைக்கிளோட்டத்துக்கு வந்தவர். கென்யாவில் பிறந்த கிறிஸ் புரூம் 2011ஆம் ஆண்டு வரை பெரிதும் அறியப்படாதவராகவே இருந்து, பின்னர் நான்கு தடவைகள் வெற்றிபெற்றார். 2018ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் ஜெரயின்ட் தோமஸ் சம்பியனானபோது அவருக்கு வயது 32.

இவ்விடத்தில் மற்றொரு கசப்பான உண்மையையும் மறந்துவிட முடியாது. 1999ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை ஏழு தடவைகள் வெற்றிபெற்றதாக அறிவிக்கப்பட்ட அமெரிக்காவின் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் பட்டங்கள் யாவும் 2012ஆம் ஆண்டில் பறிக்கப்பட்டன. பெறுபேறுகளே பொய்யானவையாக இருந்த காலத்தில், அப்பெறுபேறுகளை அடிப்படையாகக் கொண்ட கணிப்புகள் மாத்திரம் எவ்வாறு மெய்யானவையாக இருந்திருக்க முடியும்? அந்த ஐயம் இன்றும் முற்றாக நீங்கிவிட்டதெனக் கூறுவதற்கில்லை.

இன்று அணிகள் தமது கண்களை விடக் கருவிகளையே அதிகம் நம்புகின்றன. சைக்கிளில் பொருத்தப்படும் சக்தி அளவி, ஒரு வீரர் தனது உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் எத்தனை வற் சக்தியை வெளிப்படுத்துகின்றார் என்பதைக் காட்டிவிடுகின்றது. மலையேற்றத்தில் அரை மணி நேரத்துக்கு 6 வற்றுக்கு மேல் தாக்குப்பிடிக்கும் இளைஞர் எந்த நாட்டில் இருந்தாலும், அவரது வீட்டுக் கதவை முகவர்கள் தட்டிவிடுவர். ஆனால் இவ்வளவீடு பெரும்பாலும் களைப்பற்ற உடலில் பெறப்படுவதாகும். டூர் டி பிரான்ஸோ, மூன்றாவது வாரத்தில், ஐந்து மணி நேரம் ஓடிய பின்னர், அன்றைய கடைசி மலையில் தீர்மானிக்கப்படுகின்றது. களைப்புற்ற உடலிலும் அதே சக்தியை வெளிப்படுத்தும் ஆற்றல், ஒரே இரவில் மீண்டெழும் இயல்பு, மழையில் மலையிறங்கும் துணிவு என்பன எந்த இளையோர் போட்டியிலும் முழுமையாகப் பரீட்சிக்கப்படுவதில்லை.

அவ்வாறிருந்தும் சந்தை காத்திருப்பதாக இல்லை. பெல்ஜியத்தின் ரெம்கோ எவெனபூல் 2018ஆம் ஆண்டில் இரு உலக கனிஷ்ட பட்டங்களை வென்று, 23 வயதுக்குட்பட்டோர் பிரிவைத் தாண்டி நேரடியாகத் தொழில்முறை அணியில் இணைந்தார். அதன் பின்னர் ஏனைய அணிகளும் பாடசாலைப் பருவத்தினரையே தேடத் தொடங்கின. பணபலமும் ஒரு சில அணிகளிடமே குவிந்துள்ளது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் அணி 2025ஆம் ஆண்டில் மாத்திரம் 90இற்கும் மேற்பட்ட வெற்றிகளை ஈட்டியது. அதேயாண்டின் இறுதியில் பிரான்ஸின் ஆர்கேயா அணி அனுசரணையாளர் இன்றிக் கலைந்தது. பெல்ஜியத்தின் இரு அணிகள் ஒன்றாக இணைய நேர்ந்தது. நாளைய சம்பியன் யார் என்பதைக் கால்கள் மாத்திரமன்றி, அவர் எந்த அணியில் யாருக்குத் துணையாக ஓடுகின்றார் என்பதும் தீர்மானிக்கின்றது. 2022ஆம் ஆண்டில் 19 வயதிலேயே ஸ்பானியப் பெரும் போட்டியில் மூன்றாமிடம் பெற்ற ஹுவான் அயூசோ, பொகாச்சாரின் அணியில் 2028ஆம் ஆண்டு வரை ஒப்பந்தம் இருந்தும் 2025ஆம் ஆண்டுடன் அங்கிருந்து விலகியமை இங்கு கவனிக்கத்தக்கது.

அவ்வாறாயின் நாளைய போட்டியாளர்கள் யார்? 2025ஆம் ஆண்டின் பெறுபேறுகள் சில பெயர்களை முன்வைக்கின்றன. மெக்ஸிக்கோவின் இசாக் டெல் டோரோ 21 வயதில் இத்தாலியப் பெரும் போட்டியில் பல நாட்கள் முன்னணியில் இருந்து, இறுதிக்கு முந்தைய நாளில் பெனெஸ்திரே மலையில் முதலிடத்தை இழந்தார். அன்று அவரிடம் குறைவாக இருந்தது கால்பலமன்று; எதிராளியை எப்போது துரத்துவது என்ற அனுபவமே. பிரான்ஸில் மூன்றாமிடம் பெற்ற ஜேர்மனியின் புளோரியன் லிபோவிட்ஸ், பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சூடும் இணைந்த விளையாட்டிலிருந்து வந்தவர். நான்காமிடம் பெற்ற ஸ்கொட்லாந்தின் ஒஸ்கார் ஒன்லிக்கு அப்போது வயது 22. 2024ஆம் ஆண்டில் மூன்றாமிடத்தைப் பெற்ற எவெனபூலையும் புறக்கணித்துவிட முடியாது.

எனினும் இவர்கள் அனைவரையும் விட அதிக எதிர்பார்ப்புக்கு உள்ளாகியிருப்பவர், 2006ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிறந்த பிரெஞ்சு இளைஞர் போல் சேக்ஸாஸ் ஆவார். 2025ஆம் ஆண்டு ஜூனில் பொகாச்சாரும் விங்ககோரும் பங்குபற்றிய டோபினே போட்டியில் எட்டாமிடத்தைப் பெற்ற அவர், ஓகஸ்டில் விளையோர் போட்டியை வென்றார். ஒக்டோபரில் ஐரோப்பிய சம்பியன்ஷிப் போட்டியில் பொகாச்சாருக்கும் எவெனபூலுக்கும் அடுத்ததாக மூன்றாமிடத்தில் வந்தார். ஒருவரையே சுட்டிக்காட்டுமாறு எம்மிடம் கேட்கப்படுமாயின் இவரையே குறிப்பிடுவோம். ஆயினும் பிரான்ஸ் தேசம் 1985ஆம் ஆண்டில் பேர்னார்ட் இனோ பெற்ற வெற்றிக்குப் பின்னர் தனது சொந்தப் போட்டியில் ஒரு வெற்றியாளரையேனும் கண்டதில்லை. 2025ஆம் ஆண்டுடன் நாற்பது ஆண்டுகள் நிறைவுபெற்ற இத்தாகம் முழுவதையும் ஓர் இளைஞரின் தோளில் இறக்கிவைப்பது நியாயமாகுமா?

இனோவின் வாரிசு என்று அழைக்கப்பட்ட ஜோன் பிரான்சுவா பேர்னார்ட் 1987ஆம் ஆண்டில் மூன்றாமிடத்துடன் நின்றுவிட்டார். திபோ பினோ 2019ஆம் ஆண்டில் வெற்றியை நெருங்கிய வேளையில், தொடைக் காயத்தால் கண்ணீருடன் போட்டியிலிருந்து விலகியதை உலகமே பார்த்தது. இதற்கு நேர்மாறானது ஸ்பெயினின் மிகுவேல் இந்துராயினின் வரலாறாகும். அவர் தமது முதலிரு டூர் டி பிரான்ஸ் போட்டிகளையும் நிறைவு செய்யவில்லை. பின்னர் 97ஆம், 47ஆம், 17ஆம், 10ஆம் இடங்கள் என்று படிப்படியாக முன்னேறி, 1991ஆம் ஆண்டு முதல் தொடர்ச்சியாக ஐந்து தடவைகள் வெற்றிபெற்றார். இன்றைய அவசரச் சந்தையில் 97ஆம் இடம்பெற்ற இளைஞரொருவருக்கு அத்தகைய அவகாசம் கிடைக்குமா என்பது சந்தேகமே.

அவசரத்தின் விலை பணத்தால் மாத்திரம் அளக்கப்படுவதன்று. 2019ஆம் ஆண்டு 22 வயதில் சம்பியனான பேர்னால், 2022ஆம் ஆண்டு ஜனவரியில் பயிற்சியின்போது நின்றிருந்த பஸ்ஸில் மோதி முள்ளந்தண்டு உட்படப் பல எலும்புகள் முறிந்து உயிராபத்தை எதிர்கொண்டார். எவெனபூல் 2020ஆம் ஆண்டில் பாலமொன்றிலிருந்து வீழ்ந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது அவருக்கு வயது 20. நெதர்லாந்தின் டொம் டுமுலன், எதிர்பார்ப்பின் சுமை தாங்காது 2021ஆம் ஆண்டில் தற்காலிகமாக ஒதுங்கி, மறு ஆண்டு முற்றாகவே விலகினார். 2025ஆம் ஆண்டு ஜூலையில், நாளைய சம்பியன்கள் இனங்காணப்படும் இத்தாலிய விளையோர் போட்டியொன்றில் 19 வயது வீரரொருவர் வீழ்ந்து உயிரிழந்தார். கணிப்புகளின் பட்டியலில் இடம்பிடிப்பதற்காக ஓடுபவர்களும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்தான்.

கருவிகள் எட்டாத இடங்களில் பிறப்பவர்களின் நிலையையும் சிந்திக்க வேண்டும். எரித்திரியாவின் பினியம் கிர்மாய் 2024ஆம் ஆண்டில் டூர் டி பிரான்ஸ் கட்டமொன்றை வென்ற முதலாவது கறுப்பின ஆபிரிக்கரானார். பச்சை ஜேர்சியையும் சுவீகரித்துக்கொண்டார். 2025ஆம் ஆண்டு உலக சம்பியன்ஷிப் போட்டி முதற்தடவையாக ஆபிரிக்காவில், ருவாண்டாவின் கிகாலியில் நடைபெற்றது. ஐரோப்பாவின் கனிஷ்ட போட்டிகளை மாத்திரம் பார்த்து வாரிசைத் தேடுவோர், மலைநாடுகளில் வளரும் வேறொருவரைக் காணத் தவறக்கூடும்.

எவ்வாறெனினும், கணிப்பதை எவரும் நிறுத்தப் போவதில்லை. அதற்கான அவசியமும் இல்லை. எதிர்பார்ப்பே விளையாட்டின் சுவையாகும். ஆனால் கணிப்பு ஒப்பந்தமாக மாறும்போது பொறுப்பும் கூடவே வரவேண்டும். கனிஷ்ட வீரர்கள் எத்தனை நாட்கள் போட்டியிடலாம், எந்த வயதில் நீண்டகால ஒப்பந்தத்தில் கையொப்பமிடலாம், போட்டி நடைபெறும் வீதிகள் எத்தகைய பாதுகாப்புடன் இருக்க வேண்டும் என்பவற்றைச் சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் திட்டவட்டமாக வரையறுக்க வேண்டும். நாளைய சம்பியனைத் தேடும் அணிகள், முதலில் அவர் நாளை வரை இவ்விளையாட்டில் நிலைத்திருப்பதை உறுதிசெய்ய முன்வர வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.