வலிப்பு, வழுக்கல், தற்காப்பு

கையில் மாவுக்கட்டோடு ஓர் இளைஞன் நிற்கும் படம் அடிக்கடி வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. போலீஸ் தரப்பு விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், பகிர்கிறார்கள். காவல் நிலையக் கழிவறையில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீசார் விழமாட்டார்களா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. ஆனாலும் அந்த வாக்கியத்தை அவர்கள் மாற்றவில்லை. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் அது பொய் என்று தெரியும். ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியாமல் இருக்காது. ஊருக்கே தெரிந்த பொய், அரசாங்கக் காகிதத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

நான் திருவொற்றியூரில் வளர்ந்தவன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வண்டியில் வரும்போது மறிக்கும் போலீஸ்காரர் முதலில் லைசென்ஸ் கேட்பதில்லை. "எந்த ஏரியாடா?" என்பார். ஏரியா பெயரைச் சொன்னதும் செல்போனை வாங்கிப் பார்ப்பார். ஏரியாவைக் கேட்பது எதற்காக என்பது சேரிக்காரனுக்கும் குடிசை மாற்று வாரியத்துக்காரனுக்கும் நன்றாகவே தெரியும். சில வருடங்களுக்கு முன் என் வண்டி திருடுபோனது. புகார் கொடுக்கக் கிளம்பிய என்னை அம்மா வாசலிலேயே நிறுத்தினார். "போன வண்டி போவட்டும்டா. நீ போய் உன் பேர அங்க எழுதி வெச்சிட்டு வராத." நான் போகவில்லை. பொருளைப் பறிகொடுத்தவனே காவல் நிலையத்துக்குப் போகப் பயப்படுகிறான் என்றால், ஒரு கொலையைக் கண்ணால் பார்த்தவன் எந்த தைரியத்தில் சாட்சி சொல்ல வருவான்?

2022 ஏப்ரல் 18 இரவு, கெல்லீஸ் பக்கம் ஓர் ஆட்டோவை மறித்து விக்னேஷைப் பிடித்தார்கள். மெரினாவில் குதிரை சவாரி நடத்திப் பிழைத்த 25 வயது தலித் இளைஞர். தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்தில் மறுநாள் காலை செத்துப்போனார். வாந்தி, வலிப்பு என்றது போலீஸ். அந்தக் கதை காவல் நிலையத்தோடு நின்றிருந்தால்கூட வேறு விஷயம். முதலமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து அதே வலிப்புக் கதையை வாசித்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கை உடலில் 13 காயங்கள் என்று சொன்ன பிறகு, மே 6ஆம் தேதி அதே சட்டமன்றத்தில் கொலை வழக்காக மாற்றப்பட்டதை அறிவித்தார். போலீசார் ஆறு பேர் கைதானார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டது. ஒரு காவல் நிலையத்தில் சொன்ன பொய் மாநிலத்தின் சட்டமன்றக் குறிப்பேடு வரை ஏறிப்போக ஒரு வாரம்தான் பிடித்தது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்களும் தெருவில் இறங்கிய அமைப்புகளும் இல்லாவிட்டால் அது அங்கேயே உண்மையாக நிலைத்திருக்கும்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 12இல் கொடுங்கையூர் காவல் நிலைய விசாரணையில் ராஜசேகர் இறந்தார். இந்த முறை உடல்நலக் குறைவு. கூடவே, அவர் மீது எத்தனை வழக்குகள் என்ற கணக்கும் செய்திக்குறிப்பில் வந்தது. செத்தவன் பழைய குற்றவாளி என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், எப்படிச் செத்தான் என்று கேட்க ஆள் குறைந்துவிடும். குற்றப்பரம்பரைச் சட்டத்தை ஒழித்தோம், ரவுடிப் பட்டியலை வைத்துக்கொண்டோம்.

"ரவுடிகளைத்தானே அடிக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆம்ஸ்ட்ராங் வழக்கை நினைவூட்ட வேண்டும். 2024 ஜூலை 5ஆம் தேதி பெரம்பூரில், பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவரை அவர் வீட்டருகே வெட்டிக் கொன்றார்கள். அன்றிரவே எட்டு பேர் பிடிபட்டார்கள். அஞ்சலி செலுத்த வந்த மாயாவதி, பிடிபட்டவர்கள் உண்மையான குற்றவாளிகள் அல்ல, சிபிஐ விசாரணை வேண்டும் என்றார். ஒன்பதாவது நாள் அதிகாலை, போலீஸ் காவலில் இருந்த திருவேங்கடம் மாதவரம் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். பதுக்கிய ஆயுதத்தை எடுக்கக் கூட்டிப்போனோம், அங்கிருந்த துப்பாக்கியால் எங்களைச் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ்.

அன்று சிலர் இனிப்பு கொடுக்காத குறையாக மகிழ்ந்தார்கள். எனக்கு வயிறு கலங்கியது. கத்தி எடுத்தவன் யார் என்பதல்ல நம் கேள்வி, எடுக்கச் சொன்னவன் யார், பணம் கொடுத்தவன் யார் என்பதுதான். அதற்குப் பதில் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாய், போலீசின் கையில் இருக்கும்போதே அடைபட்டது. நம் தலைவருக்குக் கிடைத்த நீதி என்று இதை நம்மிடமே விற்றார்கள். குடும்பத்தினர் நம்பவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 செப்டம்பரில் வழக்கை சிபிஐக்கு மாற்றி உத்தரவு வந்தது. தமிழ்நாடு அரசு செய்த வேலை, அந்த உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. சமூகநீதி பேசும் அரசுக்கு, கொல்லப்பட்டவரின் குடும்பம் கேட்கும் விசாரணையில் என்ன பயம்?

1855இலேயே சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் வாக்குமூலம் வாங்கவும் சித்திரவதை செய்கிறார்கள் என்று வெள்ளைக்காரன் அமைத்த ஆணையமே அறிக்கை எழுதியது. அதற்குப் பிறகுதான், 1859இல், புதிய போலீஸ் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, கை மாறவில்லை. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013இல் போட்ட சட்டத்தில் அந்த ஆணையத்தின் தலைவர் யார் தெரியுமா? உள்துறைச் செயலாளர். டிஜிபி ஓர் உறுப்பினர். அதாவது போலீஸ் மேல் கொடுக்கும் புகாரை போலீசும் போலீசின் எஜமானரும் உட்கார்ந்து விசாரிப்பார்கள்! இந்தச் சட்டத்தை எந்தக் கட்சியும் தேர்தல் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

காவல் நிலையக் கேமரா பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. காவலில் மரணம் என்றால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். விசாரணை நடக்கிறது, அறிக்கை ஏதோ ஒரு பீரோவுக்குப் போகிறது. கொடுங்கையூர், மாதவரம், வியாசர்பாடி என்று நம் பகுதியில் போலீஸ் காவலிலும் என்கவுன்டரிலும் நடந்த ஒவ்வொரு மரணத்தின் அறிக்கையையும் தமிழில் வெளியிடச் சொல்லி நாம் கேட்க வேண்டும். செத்தவர் பட்டியலில் இருந்தவரா இல்லையா என்று பார்க்காமல் கேட்க வேண்டும். முதல் பிரதி அந்தந்த வீட்டுக்குப் போகட்டும்.