ஒருவருக்குக் கொடுக்கும் மேலதிக வருடத்தின் செலவை யார் கட்டுவது?



கொஞ்சம் நீண்ட பதிவுதான். பிள்ளைகளின் விளையாட்டில் அக்கறையுள்ள பெற்றோர், பழைய மாணவர் சங்கங்களில் இருப்பவர்கள், பாடத்தோடு மைதானப் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள்.

எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இப்போது ஃபோனில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, "சேர், இவருக்கு 25 வயதாம், இன்னும் யுனிவர்சிட்டி டீமில் விளையாடுகிறாரே, எப்படி?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதற்கான பதிலில் நம் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் அங்குள்ள விதியைச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம். அதன் முதலாம் பிரிவில், ஒரு மாணவர் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து ஐந்து வருடங்களுக்குள் நான்கு பருவங்கள் விளையாடலாம் என்பதுதான் நெடுநாள் இருந்து வந்த விதி. காயம்பட்டால் சில சலுகைகள் உண்டு. கெம் மெக்கோமிக் என்ற வீரர் 2016இல் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அடுத்தடுத்த காயங்களாலும் கொவிட் சலுகையாலும் 2024இல் மியாமி பல்கலைக்கழகத்துக்காகத் தனது ஒன்பதாவது வருடத்தில் விளையாடினார். அவர் ஒரு விதிவிலக்கு. ஆனால் ஐந்தாம், ஆறாம் வருட வீரர்கள் சில காலம் சாதாரணமாகிப் போனார்கள். அதற்குக் காரணம் 2020இல் எடுத்த ஒரு முடிவு.

2020 மார்ச் 12ஆம் திகதி கொவிட் காரணமாக அந்த வருடத்தின் குளிர்கால, வசந்தகாலச் சம்பியன்ஷிப் போட்டிகள் எல்லாம் இரத்தாயின. பேஸ்போல், சொஃப்ட்போல், டெனிஸ், மெய்வல்லுநர் போன்ற வசந்தகால விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் பருவம் தொடங்கிச் சில வாரங்களிலேயே எல்லாம் முடிந்தது. இறுதி வருடத்தில் இருந்தவர்கள் அழுதுகொண்டுதான் வீடு போனார்கள். மார்ச் 30ஆம் திகதி சங்கம் அவர்களுக்கு இன்னொரு பருவம் விளையாட அனுமதி கொடுத்தது.

இதை நாங்கள் பிழை என்று சொல்லவில்லை. தன் தவறு ஒன்றும் இல்லாமல் ஒரு பிள்ளை எதையாவது இழந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்ப்பதுதான் நியாயம். ஆசிரியராக யாரும் அதைத்தான் செய்வோம்.

ஆனால் அந்த அனுமதியோடு பணம் வரவில்லை. சங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி ஆண்கள் கூடைப்பந்துச் சம்பியன்ஷிப்பின் ஒளிபரப்பு உரிமையிலிருந்து வருவது. அந்தப் போட்டியும் இரத்து. அதனால் அந்த வருடம் கல்லூரிகளுக்குப் பகிர்ந்து கொடுக்க இருந்த 600 மில்லியன் டொலர் 225 மில்லியன் டொலராகக் குறைந்தது. இந்த அறிவிப்பு வந்து நான்கு நாட்களுக்குப் பிறகுதான் மேலதிகப் பருவத்துக்கான வாக்கெடுப்பு நடந்தது.

ஆகவே சங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. இறுதி வருட மாணவர் திரும்பி வந்தால் அவருக்கு முன்பு கொடுத்த புலமைப்பரிசிலை அப்படியே கொடுக்கலாம், குறைக்கலாம், கொடுக்காமலும் விடலாம். அந்தந்தக் கல்லூரியின் விருப்பம் என்றது. உரிமையைக் கொடுத்தவர் ஒருவர், பில்லைக் கட்ட வேண்டியவர் இன்னொருவர் என்றாகிவிட்டது.

விளைவு என்ன? விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் தன் வசந்தகால இறுதி வருட மாணவர்களுக்காக அந்தச் சலுகையைக் கேட்கப் போவதில்லை என்று அறிவித்தது. ஹார்வர்ட், யேல் போன்றவை அடங்கிய ஐவி லீக், பட்டம் முடித்தவர்கள் விளையாடக் கூடாது என்ற தன் விதியை அப்போது தளர்த்தவில்லை. வேறு சில கல்லூரிகள் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டன. ஒரே இழப்பு, ஒரே சலுகை. ஆனால் அது கையில் கிடைத்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்தது அந்தப் பிள்ளை படித்த இடம்.

கிடைத்த இடத்திலும் அது முழுதாகக் கிடைக்கவில்லை. நம்மில் பலர் அமெரிக்காவில் விளையாடப் போனால் எல்லாம் இலவசம் என்று நினைக்கிறோம். அப்போது அது சில விளையாட்டுகளில் மட்டும்தான். அப்போதைய விதிப்படி ஒரு பேஸ்போல் அணிக்கு மொத்தமாக 11.7 புலமைப்பரிசில்களே. அதை 27 பேர் வரை பங்கிட்டுக் கொடுப்பார்கள். பாதியோ கால்வாசியோ பெறும் பிள்ளைக்கு மிச்சச் செலவு வாப்பாவின் சட்டைப்பையிலிருந்து, அல்லது கடனிலிருந்து. அவருக்கு மேலதிக வருடம் என்றால் மேலதிகக் கடன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தங்கி விளையாடும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை பட்டத்தோடு வேலை தேடிப் போகும்.

இனி இடத்தின் கணக்கு. அமெரிக்கன் ஃபுட்போல் அணி ஒன்றுக்கு அப்போது 85 புலமைப்பரிசில் இடங்கள். நான்கு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 21 புதியவர்கள் வரலாம். அதே 85ஐ ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் 17தான். பஸ் கணக்கு மாதிரித்தான். இறங்க வேண்டிய ஹோல்டில் ஆள் இறங்காவிட்டால் அடுத்த ஹோல்டில் நிற்பவருக்கு இடமில்லை. கொண்டக்டர் நல்ல மனதோடு "இருங்கள், இருங்கள்" என்று சொன்னாலும் சீட் கூடுவதில்லை.

இந்தச் சிக்கல் சங்கத்துக்குத் தெரியாததல்ல. திரும்பி வந்த இறுதி வருட மாணவர்களை ஒரு வருடத்துக்கு மட்டும் அந்த எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டார்கள். ஆனால் 2020இல் முதலாம் வருடத்தில் இருந்த பிள்ளைக்கும் மேலதிக வருடம் உண்டு. அது 2024 வரைக்கும் போகும். சலுகை ஐந்து வருடம் நீண்டது, இடத்தை விரித்தது ஒரு வருடம் மட்டும்.

எங்கள் பெரிய ஆட்சேபனை இதற்கு அடுத்த முடிவில்தான். 2020 ஓகஸ்டில் இலையுதிர்கால விளையாட்டுகளுக்கும், ஒக்டோபரில் குளிர்கால விளையாட்டுகளுக்கும் இதே சலுகையை விரித்தார்கள். அந்தப் பருவத்தில் எத்தனை போட்டி விளையாடினாலும் கணக்கில் வராது என்றார்கள். அலபாமா பல்கலைக்கழக ஃபுட்போல் அணி அந்தப் பருவத்தில் 13 போட்டிகள் விளையாடிச் சம்பியனும் ஆனது. அந்த வீரர்களுக்கும் அந்த வருடம் விளையாடாத வருடம்! பருவத்தை இழந்தவருக்குக் கொடுத்தது ஈடு. முழுப் பருவமும் விளையாடியவருக்குக் கொடுத்ததை என்னவென்று சொல்வது?

அதே காலத்தில் இன்னொரு கதவும் திறந்தது. 2021 ஏப்ரலில், ஒரு தடவை வேறு கல்லூரிக்கு மாறும் வீரர் ஒரு வருடம் வெளியே இருக்கத் தேவையில்லை என்ற விதி எல்லா விளையாட்டுகளுக்கும் வந்தது. பயிற்றுவிப்பாளரின் இடத்திலிருந்து யோசியுங்கள். ஒரு பக்கம் பாடசாலையிலிருந்து வரும் 18 வயதுப் பிள்ளை. வளர்த்தெடுக்க இரண்டு வருடமாவது வேண்டும். மறுபக்கம் நான்கு வருடம் விளையாடிப் பழகிய 22 வயது வீரர்; நாளைக்கே களத்தில் இறக்கலாம். தோற்றால் வேலை போகும் என்ற நிலையில் இருப்பவர் யாரை எடுப்பார்? அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. விதி அவரை அந்தப் பக்கம் தள்ளியது.

பேஸ்போல் பிள்ளைகளுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. தொழில்முறை அணிகள் வீரர்களைத் தெரிவு செய்யும் சுற்றுகள் 2019இல் 40. 2020இல் அது வெறும் 5. மேலே போகும் வழி அடைபட்டதால் போக வேண்டியவர்களும் கல்லூரியிலேயே தங்கினார்கள். கீழிருந்து வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். எந்தக் கூட்டத்திலும் அவர்களுக்காகப் பேச ஆளில்லை. இன்னும் கல்லூரிக்குள் நுழையாத பிள்ளைக்கு அங்கே வாக்கும் இல்லை, குரலும் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த மேலதிக வருடத்தில் முதுமாணிப் படிப்பைத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். முதிர்ந்த வீரர்கள் இருந்ததால் அணிகள் பலமடைந்தன, இளையவர்களுக்கு மூத்தவர்களின் வழிகாட்டலும் கிடைத்தது. இவை உண்மையான நன்மைகள். ஆனால் இவற்றைப் பெற்றவர்கள் உள்ளே இருந்தவர்கள். விலை கொடுத்தவர்கள் வெளியே நின்றவர்கள்.

பணத்துக்கு வருவோம். பெரிய பல்கலைக்கழகங்களுக்குத் தொலைக்காட்சிப் பணம் இருக்கிறது. நடுத்தரப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விளையாட்டுத் துறையைத் தாங்குவது, மைதானப் பக்கமே போகாத சாதாரண மாணவர்களிடம் அறவிடும் கட்டணமும் பல்கலைக்கழகத்தின் பொது நிதியும்தான். இத்தனைக்கும் செலவென்பது புலமைப்பரிசில் மட்டுமல்ல. பயணம், உணவு, மருத்துவம், உடை எல்லாம் தலைக்குத் தலை கூடும். இந்த மேலதிக வருடம் கொடுபட்ட அதே 2020இல் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகம் தன் 36 விளையாட்டுகளில் 11ஐ நிறுத்தப் போவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு 2021 மே மாதம் அந்த முடிவைக் கைவிட்டது. ஐயோவா பல்கலைக்கழகமும் நான்கை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கெல்லாம் மேலதிக வருடம்தான் காரணம் என்று சொல்ல மாட்டோம். வருமானம் விழுந்ததே முதற்காரணம். ஆனால் பெட்டி காலியாக இருக்கும் நேரத்தில் ஒரு பக்கம் சலுகையை விரித்துக்கொண்டு, மறுபக்கம் நீச்சல்காரரையும் ஜிம்னாஸ்டிக் பிள்ளையையும் வெளியே அனுப்புவது எப்படி நியாயமாகும்?

இப்போது இந்த விடயம் நீதிமன்றங்களுக்கும் போய்விட்டது. வண்டர்பில்ட் அணியின் டியேகோ பாவியா, தான் இரண்டு வருடக் கல்லூரியில் விளையாடிய காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று வழக்குப் போட்டு, 2024 டிசம்பரில் இடைக்கால உத்தரவு பெற்றார். அதன் பின் அவரைப் போன்ற நிலையில் இருந்த மற்றவர்களுக்கும் சங்கம் ஒரு வருடச் சலுகை கொடுத்தது. இப்போது வீரர்களுக்குப் பெரும் பணமும் வருவதால் கல்லூரியை விட்டுப் போக மனம் வருவதில்லை. 2025 ஜூனில் நீதிபதி குளோடியா வில்கன் அங்கீகரித்த இணக்கத்தின்படி ஒரு பல்கலைக்கழகம் முதல் வருடத்தில் 20.5 மில்லியன் டொலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்றானது. புலமைப்பரிசில் எல்லைக்குப் பதிலாக அணிக்கு இத்தனை பேர்தான் என்ற எல்லை வந்தது, ஃபுட்போலுக்கு 105.

அந்த இணக்கத்தில் எங்களுக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. புதிய எல்லையால் அணியிலிருந்து தூக்கப்படும் பிள்ளைகளுக்கு வழி சொல்லாமல் இதை அங்கீகரிக்க முடியாது என்று நீதிபதி நிறுத்தி வைத்தார். கடைசியில், அப்படி இடம் இழந்த பிள்ளைகளைப் பல்கலைக்கழகங்கள் விரும்பினால் அந்த எல்லைக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடானது. கல்லூரிகளுக்குக் கட்டாயம் இல்லை என்பது குறைதான். ஆனாலும் சலுகையோடு இடத்தையும் சேர்த்து யோசித்தார்களே, அதைத்தான் 2020இலேயே செய்திருக்க வேண்டும்.

"இதெல்லாம் அமெரிக்காக் கதை, நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். 2021ஆம் வருட உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022ஆம் வருடத்துக்குரியது 2023 ஜனவரியில் தொடங்கியது. ஒரு தொகுதி வெளியேற முன்னர் அடுத்த தொகுதி வந்து நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. வகுப்பறையும் ஆசிரியரும் பழைய அளவுதான். நம் பாடசாலை அணிகளுக்குப் பஸ் கூலியும் ஜேர்சியும் பெற்றோரும் பழைய மாணவர்களும் போடும் காசில்தான் நடக்கின்றன. இன்னொரு இடர் வந்தால், "பாவம், இவர்களுக்கு இன்னொரு வருடம் கொடுங்கள்" என்று நாமும்தான் கேட்போம். கேட்பதும் சரி.

அப்போது மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வோம். ஒன்று, இந்த மேலதிக வருடத்தின் செலவு யாருடைய கணக்கில்? இரண்டு, வரிசையில் நிற்கும் இளைய பிள்ளைகளுக்கு எத்தனை இடங்களைக் கூட்டுகிறோம்? மூன்று, இந்தச் சலுகை எந்தத் திகதியில் முடியும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் கொடுப்போம். ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால், பதில் வரும்வரை முடிவைத் தள்ளி வைப்போம்.

பாடசாலைப் பணமும் அணியில் உள்ள இடமும் எங்கள் கையில் இருக்கும் அமானிதம். கண் முன்னால் நின்று கேட்கும் பிள்ளைக்கு மட்டுமல்ல, அடுத்த வருடம் ஆறாம் ஆண்டுக்கு வரப்போகும் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு.

மைதானப் பொறுப்பில் இருக்கும் சேர்மார், டீச்சர்மார், பழைய மாணவர் சங்கத்தினர் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் தாராளமாகச் சொல்லுங்கள்.